கீழிமையில் ஒரு காகிதத் துண்டு

ஐந்து நிமிடம்தானாம், கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதுமாம், சும்மா இருப்பது அத்தனை சுலபமா என்ன... கீழிமைகளில் கண்ணுக்கொன்றாகக் காகிதத் துண்டு தொங்க, சாலம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எத்தனை ஈரம் ஊறுகிறதென்று அளப்பார்களாம். ஃபேர்லேண்ட்ஸ் கண் கிளினிக்கில் ஏசி உறுமியது, வெளியே பெஞ்சில் புருசன் கைலாசம், குமாரபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்த மனுசர். அவருடைய அம்மா மாரியாயி போன ஆடியில் செத்ததிலிருந்தே இப்படித்தான். அத்தனை பெண்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்த வாசலில் இவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, நாத்தனார் மஞ்சுளா ஊர் கேட்கச் சொன்னாளே, "எங்கம்மாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உடலியே, கல்லு மனசுங்க இவளுக்கு!" பாவி மகள், அந்தச் சொல்லை மனுசர் அப்படியே பிடித்துக்கொண்டார். கல்லா நான்? காகிதமே, நீயாவது சொல்லு... மூடிய கண்ணுக்குள் விசைத்தறி ஓடியது, டடக் டடக், நூல் அறுந்தால் துணி பாழ், இமைக்காமல் பார்த்துப் பார்த்தே பழகிய கண், பரிசோதிக்கிற பெண் தனப்பிரியாகூட அதைத்தானே முதலில் கேட்டாள், "ஏனுங்கக்கா, நீங்க கண்ணே சிமிட்ட மாட்டீங்களா?" சிமிட்டினால் நூல் காத்திருக்குமா... தறியை விட்டால் படுக்கையில் கிடந்த அத்தை மாரியாயியின் கட்டில், அங்கேயும் காவல், இருமினால் எழுந்து, முனகினால் புரட்டிவிட்டு, மூன்று வருசம்... தறி, கட்டில், தறி, கட்டில்...

"கண்ணைத் திறங்கக்கா." காகிதத்தின் நுனியில் மட்டும் துளி ஈரம். "மூணு மில்லிமீட்டர்தானுங்க. ரொம்ப வறண்டிருக்குது. சொட்டு மருந்து உடோணும், தறியில நின்னாலும் நெனச்சு நெனச்சுச் சிமிட்டோணும்." அடேயப்பா, சாலம்மாளுக்கு எவ்வளவு சந்தோசம், சாட்சி கிடைத்துவிட்டதே! "அப்படின்னா எழவு ஊட்டுல எனக்கு அழுவாச்சி வராததும் இதனாலதானுங்களே?" தனப்பிரியா மறுத்துத் தலையாட்டினாள். "இல்லீங்கக்கா. கண்ணை நனைக்கிற தண்ணி வேற, மனசு நொந்து வர்ற தண்ணி வேற. இப்படி வறண்டவங்களுக்கும் முக்காவாசி அழுவ வருமுங்க. அவரையும் கூப்பிடட்டுங்களா, வெவரமாச் சொல்லிப்போடறேன்?"

"வேண்டாமுங்க!" என்று பதறிப்போனாள். காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கி மணிபர்சில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அன்றைக்கு என்னதான் வந்தது தனக்கு... ஒப்பாரி எங்கோ தூரத்துத் தறிச் சத்தம்போலக் கேட்டது, அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், உடம்பெல்லாம் கனத்தது, ஐயோ, தூக்கமல்லவா வந்தது, மூன்று வருசத் தூக்கம்... கதவைத் திறந்தாள். கைலாசம் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். காகிதத்தைக் காட்டினால் நம்பிவிடுவார். தூக்கத்தைச் சொன்னால்?