குறுக்கே எதுவும் வரவில்லை

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒன்பது மாதம் மழை பெய்யும். மீதி மூன்று மாதம், பெய்த மழை மரத்திலிருந்து சொட்டும். எப்போதாவது ஒரு வீட்டில் துணி காய்ந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், முப்பத்து நான்கு வருஷம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்கார்ந்து, போன இடத்தையெல்லாம் தாண்டிய பிறகே பார்த்த ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். இனிமேல் எதையும் முன்பக்கமாகப் பார்ப்பது என்று தீர்மானம்.

ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை விழுந்தார். முதல் முறை ஒரு நாய் குறுக்கே வந்தது. இரண்டாம் முறை மாடு. மூன்றாம் முறை வந்தது பூனை என்று வீட்டுக்குள் நுழையும்போது சொன்னார். முட்டியில் மருந்து போட்டு முடிப்பதற்குள் அது சிறுத்தையாகிவிட்டது. மறுநாள் தெருமுனையில் அதுவே இரண்டு சிறுத்தை.

மனைவி பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“இங்க பாருங்க. வர்ற சனிக்கிழமை நானும் பின்னாடி உக்காருறேன். அருவிப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம். நல்லபடியா வந்தாச்சுன்னா நீங்க கூப்பிடுற எடத்துக்கெல்லாம் வர்றேன். ஒரு தடவ சறுக்கினாக்கூட வண்டி என் தம்பிக்குப் போயிடும்.”

கார்டுக்கு ஒரு பக்கம் திக்கென்றது, ஒரு பக்கம் இனித்தது. உள்ளறைச் சுவரில் அவர் ஒரு வரைபடம் ஒட்டி வைத்திருந்தார். ஏரியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, பைன் காட்டுக்குள் ஒன்று, அணைக்கட்டுக்கு ஒன்று. எல்லாம் இரண்டு பேர் போவதாகப் போட்ட கோடுகள். இதுவரை ஒன்றுக்கும் அவள் வந்ததில்லை. மைத்துனனோ தீர்ப்பைக் கேட்ட அன்றே வண்டிக்குப் போர்த்த ஒரு தார்ப்பாய் வாங்கிவிட்டான்.

டயர் கடைக்காரர் பழைய டயரைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“என்னண்ணே, இதுல கோடே இல்ல. என் உள்ளங்கையில இதவிட ஜாஸ்தி இருக்கு.”

“அதான் புதுசு போட வந்திருக்கேன். அந்தா தொங்குதே, அது எப்படி?”

அவர் காட்டியது மலையையே கடித்துத் தின்னும் போலிருந்த ஒரு டயர். கட்டை கட்டையாகப் பல். அதைப் போட்டுக்கொண்டு அருவியிலேயே செங்குத்தாக ஏறிவிடலாம் என்று கார்டுக்குத் தோன்றியது.

“அது சேத்துக்குண்ணே. ஈரத் தார் ரோட்டுல அது டான்ஸ் ஆடும். பக்கத்துல இருக்குற பட்டை டயர் வேணாம், உங்க வண்டி தாங்காது. இத எடுத்துக்குங்க.” எடுத்து வைத்தது பார்க்கப் பரம சாதுவாக இருந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு வளைந்து போகும் ஆழமான வாய்க்கால்கள், அவ்வளவுதான். “தண்ணிய வாரி வெளிய தள்ளிடும். ரப்பர் ரோட்டைத் தொடும். மழைக்கு வேற என்ன வேணும்?”

மாட்டி முடித்தபின் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். “புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும். மொத நூறு கிலோமீட்டர் பைய ஓட்டுங்க. அது தேஞ்சு சொரசொரன்னு ஆனாத்தான் பிடிமானம்.”

கார்டு பையத்தான் ஓட்டினார். நத்தைகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்தன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நூறு கிலோமீட்டரை முடித்து, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். டயர் சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகி, சொன்னபடி ரோட்டைப் பிடித்தது.

பிடிக்காதது கார்டுக்குத்தான். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பாலிஷ் போடாத ஷூவோடு வண்டி ஏறியதில்லை. சனிக்கிழமை காலை ஷூவைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அதில் முகம் பார்த்துத் தலை சீவியும் ஆயிற்று. பாலிஷ் டப்பாவில் பாதி மிச்சம். வாசலில் டயர் சாம்பல் நிறத்தில் நின்றது. மனைவி முதன்முதலாக ஏறப்போகும் வண்டி. பிரஷ்ஷை எடுத்துப் பக்கவாட்டில் தேய்த்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டுக் குதிகாலை விட்டுவிடும் ஆள் இல்லை அவர். ரோட்டைத் தொடும் பாகத்தையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பக்கத்து வீட்டுப் பூனை தன் முகத்தை அதில் பார்த்துப் பயந்து ஓடியது.

மனைவி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். மைத்துனன் தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே நின்றான். வண்டி கிளம்பி நான்கடி போனது. கேட்டுக்கு வெளியே ஈரக் கல் பாவிய இடம். அங்கே முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நடுவில் இவர்கள் இருவரும் மெல்ல, மிக மரியாதையாக, உட்கார்ந்தபடியே தரைக்கு வந்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மைத்துனன் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கினான்.

“உன் அக்காவும்தான் கீழ கெடக்கா மாப்ள.”

“அக்கா தானா எழுந்திருச்சிரும் மச்சான். ஆனா டயர் சரியில்லையே. கடைக்காரன் நல்லா ஏமாத்தியிருக்கான். வாங்க, போய் ரெண்டு கேள்வி கேட்டு மாத்திட்டு வந்துருவோம்.” நாளைக்குத் தன்னுடையதாகப் போகிற வண்டிக்கு நல்ல டயர் வேண்டும் என்பது அவன் கவலை.

மனைவி எழுந்து மழைக்கோட்டை உதறினாள். “டயர்ல கோளாறுன்னா இத நான் சேத்துக்க மாட்டேன். மாத்திட்டு வாங்க, அடுத்த சனிக்கிழமை பாப்போம். என்னங்க, டயர்தானா?”

ஒரு ‘ஆமாம்’ போதும். ஏரி, பைன் காடு, அணைக்கட்டு எல்லாம் பிழைத்துக்கொள்ளும். கார்டு தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒரு நாய் இல்லை, ஒரு மாடு இல்லை. பூனைகூட மதில் மேல் ஒதுங்கிவிட்டது. டயர் கடைக்காரரின் அந்தக் கட்டை விரல் ஞாபகம் வந்தது.

“டயர் நல்ல டயர்” என்றார். “நான்தான் பாலிஷ் போட்டேன்.”

“எதுக்கு?”

“டயருக்கு.”

மைத்துனன் சிரித்த சிரிப்பில் மழை ஒரு நிமிஷம் நின்றது. மனைவி சிரிக்கவில்லை. குனிந்து டயரைத் தொட்டு, கறுத்த விரலை முகர்ந்தாள். முப்பத்து நான்கு வருஷம் தினமும் காலையில் வீட்டில் அடித்த வாசனை.

“மூணு தடவ விழுந்தீங்க. மூணு தடவையும் ஏதாவது ஒண்ணு குறுக்க வந்துச்சு” என்றாள். “இன்னிக்குத்தான் ஒண்ணும் வரல.”

“வரல.”

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். “டேய், அந்தத் தார்ப்பாய மடிச்சு வை.”

“அக்கா, சறுக்கினா எனக்குன்னு நீதான சொன்ன?”

“வண்டி சறுக்கினான்னு சொன்னேன். வண்டி என்னடா பண்ணும், பாவம்? நீ போய் ஒரு வாளித் தண்ணி கொண்டா.”

சோப்புத்தூளும் துணி துவைக்கும் பிரஷ்ஷும் வந்தன. வாய்க்கால் வாய்க்காலாகத் தேய்த்ததில் பதினேழு வாளி கறுப்புத் தண்ணீர் போயிற்று. அதோடு விடவில்லை. தெருவை நாற்பது தடவை அவரைத் தனியாக வண்டியில் சுற்றி வரச் சொல்லி, குடைக்கடியில் நின்று எண்ணினாள். பிறகு பாலிஷ் டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

பாலத்துக்குப் போகும் மலைப்பாதையில் இருபத்து மூன்று வளைவு. டயர் தண்ணீரை வாரி வாரி வெளியே தள்ளியது. வண்டி ஓர் இடத்திலும் நழுவவில்லை. இரண்டாவது வளைவிலிருந்து தோளைப் பிடித்த பிடியை, இருபதாவது வளைவில்தான் அவள் கொஞ்சம் தளர்த்தினாள்.

அருவிப் பாலத்தில் இறங்கினால், மூடுபனி. பாலத்தின் கைப்பிடி தெரிந்தது, அதில் வைத்த அவர்கள் கை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“இதுக்குத்தானா இவ்வளவு தூரம்?”

“பனி விலகினா பாரு. நேர் எதிர்ல ஏழு அருவி.”

“போன வாரம் மூணுன்னு சொன்னீங்க.”

“நடுவுல மழை பெஞ்சிருக்குல்ல.”

அவள் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

“சரி, சொல்லுங்க. மொத அருவி எந்தப் பக்கம்?”