ரிவர்ஸ் விழாத வண்டி

பிக்கப் வண்டி வைத்திருக்கும் எங்களிடம் குறை கேட்க, கம்பெனிக்காரர்கள் ஷோரூமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போன எல்லோரும் முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து, வண்டியின் மூக்கு வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினோம். மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"எவ்வளவு ஒழுங்கா நிறுத்தியிருக்கீங்க."

"ஒழுங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பாரம் இழுத்துச் சூடானா ரிவர்ஸ் கியர் விழ மாட்டேங்குது. கியர்பாக்ஸை மட்டும் சரி பண்ணுங்க, போதும்," என்றேன்.

"அப்போ, பின்னாடி எடுக்கிறதுலதான் கஷ்டம்," என்று தலையாட்டினார். கிளம்பும்போது, "கியர்பாக்ஸ் சார்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

புது மாடல் வந்தது. வாய் திறந்த பாவத்துக்கு, ஓட்டிப் பார்க்க முதல் வண்டியை என்னிடமே கொடுத்தார்கள். இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு மேடேறி, முட்டுச் சந்திலிருந்த குடோனில் இறக்கினேன். திருப்ப இடமில்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினால், கியர் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. அதற்குப் பதிலாக, டிவி மாதிரி ஒரு திரை பளிச்சென்று எரிந்து, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த நாயைக் காட்டியது.

கூட வந்த மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, முன்னாலிருந்து வண்டியைத் தள்ளத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார்.

"புது கேமரா எப்படி இருக்கு?"

"நாய் காதுல இருக்கிற உண்ணி வரைக்கும் தெரியுது சார். வண்டியைத் தள்ளத்தான் ஆள் பத்தல. நீங்க எப்ப வர்றீங்க?"