ஏழு பெற்றோருக்கு வந்த அழைப்பு

பதினோரு குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன்காரிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. வண்டிக் கடன் ஏஜென்ட் அந்தக் குழந்தைகளின் வீடுகளில் ஏழு வீட்டுக்கு மட்டும் போன் செய்திருந்தான். மீதி நான்கு வீட்டை ஏன் விட்டான்?

ஒரு தவணை தாமதமானதற்காக வேனைத் தூக்கிப் போய் ஆறு நாள் கடன் கம்பெனியின் யார்டில், பறித்த மற்ற வண்டிகளோடு நிறுத்தியிருந்தார்கள். அவள் தவணையைக் கட்டி வண்டியை மீட்டாள். அதன் பிறகு 'யார்டு வாடகை' கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. தரமுடியாது என்றாள். மறுநாளே அழைப்புகள் தொடங்கின.

"கடன்ல முங்கிக் கெடக்குறவ வண்டியில பிள்ளைய அனுப்புறீங்களேன்னு கேட்டான்க்கா," என்றாள் ஒரு தாய். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல பயப்படுறாங்க. திங்கக்கெழமையிலேருந்து நாங்களே கொண்டு விட்டுக்குறோம். ஆமா, போனை எடுத்ததும் 'லேட் அம்மாவா'ன்னு கேட்டானே, அது யாருக்கா?"

வேன்காரிக்கு முகம் செத்துவிட்டது. தினமும் தாமதமாக்கும் அந்தத் தாயின் எண்ணை அவள் தன் போனில் அந்தப் பெயரில்தான் சேமித்திருந்தாள்.

"போனுக்குள்ள ஏதோ ஆப் பூந்திருக்கு," என்றான் கணவன்.

"அப்படின்னா போன்ல இருக்குற முன்னூறு பேருக்கும் கால் போயிருக்கணும். உங்கம்மாவுக்குப் போச்சா?"

"எங்கம்மாவுக்குப் போயிருந்தா அவன் இன்னும் போனை வச்சிருக்கமாட்டான். பேசிக்கிட்டேதான் இருப்பா."

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளில் பதினோரு வீட்டையும் எழுதி, அழைப்பு வந்த வீடுகளுக்குக் கோடு போட்டாள். கோடு விழாத நான்கு வீட்டுக்காரர்களும் தினமும் வாசலில் தயாராக நிற்பவர்கள். மற்ற ஏழு பேரும் 'ரெண்டு நிமிஷம்க்கா' என்று காலையில் போன் செய்பவர்கள். அப்போது அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். திட்டு விழும் என்பதால் வீட்டார் யாரும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். பேச்சு போனோடு இணைத்த வண்டி ரேடியோ வழியாகத்தான் வரும்.

ரேடியோ.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ரேடியோ திரையில் போன் படத்தைத் தட்டினாள். லேட் அம்மா. ஷூ காணோம் அப்பா. ரெண்டாம் மாடி. ஏழு பேரும் எண்களோடு வரிசையாக வந்தார்கள். தன் வழியாக வரும் அழைப்புகளின் பெயர்களையும் எண்களையும் ரேடியோ தன் நினைவில் படியெடுத்து வைத்துக்கொள்கிறது. போன் போன பிறகும் அந்தப் படி அதிலேயே இருக்கிறது. யார்டில் சாவியைத் திருப்பிய எவனும் அதைப் படிக்கலாம்.

கணவனின் போனை வாங்கித் திரையைப் படம் பிடித்துக்கொண்டு கடன் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஏஜென்ட் வெளியாளும்மா. நாங்க என்ன பண்றது?" என்றார் மேலாளர்.

"வெளியாள் கையில என் வண்டிச் சாவியக் குடுத்தது யாரு சார்?"

"நம்பரை நீங்களே ரெபரன்ஸா குடுத்திருப்பீங்க."

"நான் குடுத்தது ரெண்டு பேரு. எங்க அண்ணன் ஒண்ணு, பக்கத்துக் கடைக்காரர் ஒண்ணு. எந்த ஃபாரத்துல சார் 'ஷூ காணோம் அப்பா'ன்னு எழுதுவாங்க?"

மேலாளர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கடன் நான் வாங்குனது. அந்த ஏழு பேரு உங்ககிட்ட என்ன வாங்குனாங்க? வண்டியத்தானே எடுத்தீங்க, அதுல இருந்த பேரையும் நம்பரையும் சேத்து எடுக்க யாரு சொன்னது? எழுத்துல குடுங்க. வாடகை கெடையாது, எண்களை அழிச்சாச்சு, இனி யாரையும் கூப்பிடமாட்டோம்னு. இல்லேன்னா ஏழு பேரும் ஆளுக்கொரு புகாரோட இங்க வருவாங்க."

முத்திரை குத்திய கடிதம் கைக்கு வரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதன் நகலை ஏழு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். திங்கட்கிழமை பதினோரு குழந்தைகளும் ஏறினார்கள்.

அன்று மதியம் வேனில் உட்கார்ந்து ரேடியோவின் அமைப்புகளைத் திறந்தாள். இணைத்த போனை நீக்கினாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி இணைத்தபோது, தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பகிரலாமா என்று போன் கேட்டது. வேண்டாம் என்றாள். இனிக் குரல் மட்டும் வரும், பெயர் வராது. கணவனைக் கூப்பிடச் சொல்லிப் பேசிப் பார்த்தாள், கேட்டது. போனை அணைத்துவிட்டு ரேடியோவைத் தட்டினாள். பட்டியல் காலியாக இருந்தது.