ஆமைக்கு அளவெடுத்த வெள்ளிக்காப்பு

1

இந்த உலகம் ஓர் ஆமையின் முதுகில்தான் நிற்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையை மூழ்காமல் தாங்கியது ஆமை. பொறுமைக்கு ஆமை, ஆயுளுக்கு ஆமை, புலனடக்கத்துக்கு ஆமை. அப்பேர்ப்பட்ட ஆமையின் மௌனத்தை மொழியில் இறக்கிவைப்பது என்பது ஓர் எழுத்தாளனுக்கு

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

நல்லம்பள்ளியில் சந்திரன் வீட்டு ஹாலில், துணி அலசுகிற நீல பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இரண்டு ஆமைக்குட்டிகள் இருந்தன. முருங்கைக்கீரைக் காம்பு ஒன்று முதுகில் விழுந்தால், அதைத் தள்ளிவிட்டு நகர்வதற்குள் அவற்றுக்குப் பாதிக் காலைப்பொழுது போய்விடும். உலகத்தைத் தாங்குவது வேறு ஏதோ ஆமையாக இருக்க வேண்டும்.

கதை பிறந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்கு டைல்ஸ் வாங்கப் போயிருந்தேன். கீழே சந்திரனின் கடை, மேலே வீடு. காப்பி குடிக்க மேலே கூப்பிட்டார்கள். தொட்டியை நான் எட்டிப் பார்த்ததும் சந்திரனின் மனைவி பானுமதி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். மற்றவர்களாக இருந்தால் கொசுவுக்காக என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஒரு கதை என்று பட்டது. இதில் அந்தத் தொட்டியும் ஜன்னலும், கடையில் கண்ட ஒரு சின்னச் சாமானும் மட்டுமே நான் கண்ணால் பார்த்தவை. மற்றதெல்லாம் சேர்த்துக் கட்டியது. அந்தச் சாமானைப் பற்றி முடிந்தால் கடைசியில் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பானுமதிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை.' அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'ஓடு என்பது அரணா, சிறையா?' இதையும் அடித்துவிட்டேன். இலக்கியக் கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டுவார்கள். ஆமைக்கு அதனால் ஒரு கீரைகூடக் கிடைக்காது.

மூன்றாம் தொடக்கம்: பிரபாகர் சார் திசைகாட்டியோடு வந்தார்.

இதை வைத்துக்கொள்வோம். பிரபாகர் சார் இரண்டு வருஷம் முன்புவரை செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது வாஸ்து நிபுணர். திசைகாட்டி அதே செல்போனுக்குள் இருந்தது. ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வடக்கு மூலை செத்துக் கெடக்குதுங்கம்மா. அங்க உசுரு ஒண்ணு வளரணும். ஆமை, ஜோடியா."

"பித்தளையில வாங்கி வெச்சா ஆவாதா?" என்று கேட்டாள் ராமக்காள். சந்திரனின் தாய்.

"பித்தளை வளருங்களா? இது வளர வளர வூட்ல வம்சமும் வளரும். நானே கொண்டாந்து தரேன்."

ஓசூருக்கு அந்தப் பக்கமிருந்து அவரே கொண்டுவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை சாக்ஸ். காலுக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆமை. ஓட்டில் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் கீறிவிட்டதுபோல.

"எம்மாம் வளந்தா சரிங்க?" என்றாள் ராமக்காள்.

அந்தக் கேள்வியை பிரபாகர் சார் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் யோசிக்கிற நேரத்தில் ராமக்காளே பூஜை அலமாரியிலிருந்து ஒரு குழந்தைக் காப்பை எடுத்து வந்தாள். மகனுக்குக் கல்யாணமான வருஷமே பேரப்பிள்ளைக்கென்று தர்மபுரியில் வாங்கிவைத்த வெள்ளிக்காப்பு. தரையில் வைத்த ஆமையைச் சுற்றி அதை வைத்தாள். ஆமை உள்ளே தாராளமாக நடந்தது.

"இதுக்குள்ள அடங்காத அன்னிக்கு நல்ல சேதி வரும்" என்றார் பிரபாகர் சார், முன்பே தெரிந்தவர்போல.

"வளரலைன்னா?"

"வளக்கறவங்க கைராசிங்கம்மா அது."

ராமக்காள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா? அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது. கடத்தூர்ல பாரதின்னு ஒரு புள்ளய ஏற்கெனவே பாத்து வெச்சிருக்குது."

பானுமதியின் வாழ்க்கை அன்றிலிருந்து இரண்டு ஆமைகளின் சுற்றளவாக ஆயிற்று.

[சட்டப்படி இரண்டும் குற்றம்: நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது, மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டுவது. இந்த வீட்டில் முதலாவதற்கு மட்டும் ஜன்னலைச் சாத்துவார்கள்.]

3

முதல் வாரம் ராமக்காள் அவற்றுக்குப் பாலும் தயிர்சோறும் ஊட்டினாள். இரண்டுக்கும் வயிற்றால் போயிற்று. பிறகு பானுமதி போனில் தேடித் தேடிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காலை வெயிலில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், காக்கை கொத்தாமல் கூடையைக் கவிழ்த்துவைப்பாள். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூக்கு முழுகாத ஆழத்தில் நிற்கவிடுவாள். அகத்திக்கீரை, செம்பருத்திப் பூ, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவியது.

வளர்ந்தன. ஓட்டின் கட்டங்களுக்கு நடுவே வெள்ளையாகப் புதுக் கோடு ஒன்று விட்டது. பானுமதி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். இளநீர் வழுக்கைபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று மட்டும் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

(அவள் சந்தோஷமாக இருந்த ஒரே பகுதி இது. இதை நீட்டலாமென்று பார்த்தேன். சரக்கு இவ்வளவுதான் இருந்தது.)

4

சந்திரனுக்கு மங்கலான எதையும் கண்டால் ஆகாது. வாசல் நிலை, செத்துப்போன அப்பாவின் படச்சட்டம், துளசி மாடம் எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பூசியிருந்தான். கண்ணாடிபோலப் பளபளக்கிற பசை அது. ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்து பூசினால் கல்லாக இறுகிவிடும். ரெசின் பெரிய டின்னில் இருக்கும். ஹார்ட்னரை, பக்கத்தில் அளவுக்கோடு போட்ட, சிவப்பு மூடி டப்பா ஒன்றில் ஊற்றிவைத்திருந்தான்.

ஆயுதபூஜைக்கு முதல்நாள் டின்னும் டப்பாவும் பிரஷ்ஷுமாக மாடிக்கு வந்தான்.

"ஏ பானு, அதுங்கள எடு. நாளைக்கு கஸ்டமருங்க எல்லாம் வருவாங்க. புழுதியில பொரண்ட மாதிரி கெடக்குதுங்க."

"உசுரோட இருக்கறதுக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா?"

"பெயின்ட் இல்லடி, எபாக்ஸி. பத்து வருசம் கேரண்டி."

"ஆமைக்கா?"

"ஷைனிங்குக்கு."

"வேணாங்க. அது வளர்ற ஓடுங்க."

"நீ டைல்ஸ் கடை வெச்சிருக்கியா, நான் வெச்சிருக்கேனா?"

கடை அவனுடையதுதான்.

ஆயுதபூஜையன்று வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, ஆமை முதுகில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பிரபாகர் சார் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளைக் கோடு பசைக்கு அடியில் நின்றுபோனது. நாளாக ஆக ஓட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது. சின்னது பின்னங்காலை இழுத்து நடந்தது. பானுமதி ஒரு மத்தியானம் நகவெட்டியை வைத்துச் சுரண்டிப் பார்த்தாள். பசை வரவில்லை, ரத்தம் வந்தது. ஆமை சத்தம் போடவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

[இந்த இடத்தில் ஓர் உவமை வந்து வாசலில் நிற்கிறது. நான் கதவைத் திறக்கப்போவதில்லை.]

5

ராமக்காளின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆறு பக்கம் எழுதிய பிறகு பார்த்தால் அசல் தொலைக்காட்சித் தொடர் மாமியாராக நிற்கிறாள். பின்னணி இசை ஒன்றுதான் குறை. ஆகவே நிறுத்திவிட்டு, அவளுக்கு ஒரு கடந்தகாலம் கொடுத்தேன்.

ராமக்காளே இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தவள் செல்லம்மாளுக்குப் பிள்ளை இல்லை. செல்லம்மாள் சாகும்வரை பின்கட்டில் தனி அடுப்பு வைத்து ஆக்கித் தின்றாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு புடவை முன்கட்டிலிருந்து போகும். "அக்காளுக்கு என்ன கொறை வெச்சோம்?" என்று ராமக்காள் இன்றைக்கும் கேட்பாள். நிஜமாகவே கேட்பாள்.

இப்போது அவள் வில்லி இல்லை. என் கதைக்கு அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

6

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ராமக்காள் அளப்பாள். அதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்க்கிற வேலை பானுமதியுடையது. விளக்கு, மணி, தட்டு, குங்குமச் சிமிழ். அவற்றோடு காப்பும்.

குழந்தைக் காப்புக்கு வாய் திறந்திருக்கும். பிள்ளையின் கை பருத்தால் விரிக்கலாம், மெலிந்தால் நெருக்கலாம். பானுமதி புளிக்கையோடு அதைப் பிடித்திருந்தபோது அது தானாக ஒரு நூலளவு நெருங்கியது.

(தானாக இல்லை. அவள்தான் நெருக்கினாள். இது அவள் செய்ததாகவே இருக்கட்டும்.)

மறுநாள் அளந்தபோது ஆமைக்கும் காப்புக்கும் நடுவே இடம் குறைந்திருந்தது. "வளருது!" என்றாள் ராமக்காள். கற்பூரத்தை ஆமைகளுக்கும் காட்டினாள். அடுத்த வியாழன் இன்னும் ஒரு நூல். ஆமை வளராவிட்டால் உலகம் சுருங்கட்டும் என்று ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். பானுமதிக்கு உலகத்தைப் பற்றி அக்கறை இல்லை. பாரதி வராமலிருந்தால் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆமையின்மேல் காப்பு இறங்கவில்லை. ராமக்காள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். பானுமதிக்கும் வாயில் ஒரு கவளம் ஊட்டினாள். அதை விழுங்கும்போதுதான் பானுமதிக்குத் தான் செய்தது என்ன என்று புரிந்தது.

தை பிறந்தது. நல்ல சேதி பிறக்கவில்லை.

"ஆமை வளந்துருச்சு. அப்பிடின்னா வூடு சரியாத்தான் இருக்குது" என்றாள் ராமக்காள், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து. "அப்பறம் குத்தம் எங்க இருக்குது?"

பானுமதிக்கு எல்லாப் பரிசோதனையும் ஆகியிருந்தது. ஊசி, ஸ்கேன், வயிற்றுக்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. ஒன்றும் குறையில்லை, வீட்டுக்காரரை ஒருதரம் வரச் சொல்லுங்கள் என்றார்கள். சந்திரன் சேலத்துக்குத் தனியாகப் போய்வந்தான். "எல்லாம் நார்மல்" என்றான். ரிப்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, "ஏன், நான் பொய் சொல்றனா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

இப்போது அவன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

7

முடிவுகள்.

(அ) பானுமதி வனத்துறைக்குப் போன் போடுகிறாள். ஜீப் வருகிறது. ஆமைகள் பிழைக்கின்றன. 'யார் வளர்த்தது?' என்று கேட்கிறார்கள். "என் சம்சாரந்தாங்க. நான் கடையே கதின்னு கெடக்கறவன்" என்கிறான் சந்திரன். அவள் ஜீப்பில் ஏற

(வேண்டாம். அவன் இதைச் சொல்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் வேண்டாம்.)

(ஆ) இரண்டும் காட்டுக்குள் விடப்படுகின்றன. சித்தேரி மலைச்சாலை, சூரிய உதயம், மெல்ல நகரும் இரு புள்ளிகள். வெட்கமாக இருக்கிறது. பசை பூசிய ஆமை எந்தக் காட்டிலும் வளராது.

(இ) பானுமதி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இதை எழுதிப் பார்த்தேன். நிற்காமல் வந்தது.

சின்ன ஆமை செத்துப்போன காலை அது. தட்டுத் தண்ணீரில் தலை தொங்கிக் கிடந்தது. ஓடு மட்டும் பளபளவென்றிருந்தது. பானுமதி அதையும் காப்பையும் ராமக்காளின் முன் வைத்தாள்.

"அத்தை, இது வளரவே இல்லீங்க. நான்தான் காப்ப நெருக்கினேன். வாராவாரம்."

ராமக்காள் ஆமையைப் பார்க்கவில்லை. காப்பை எடுத்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளே கொடுத்து, ஒரே நெம்பில் பழைய அளவுக்கு விரித்தாள். பழகிய கை.

"தெரியும். நானும் பூசைச் சாமான் தேச்சவதான்டி."

"தெரிஞ்சுமா கேசரி கெளறினீங்க?"

"ஆமை வளரலைன்னா வாஸ்து சரியில்ல, வூடு சரியில்லன்னு ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. என் பையன் வரைக்கும் பேச்சு வரும். வளந்துருச்சுன்னா வூட்டையோ அவனையோ யாரும் பேச மாட்டாங்க." காப்பை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாரதி புள்ளைக்கு வேணும் இது. பின்கட்ட கழுவி வுடச் சொல்லியிருக்கேன். உனக்கென்ன கொறை வெக்கப் போறோம்?"

பானுமதி செத்த ஆமையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதன் முதுகில் அவள் முகம் தெரிந்தது.

(இந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உவமை ஜன்னல் வழியாக வந்துவிட்டது.)

8

இதற்குமேல் என்னால் முடியாது. வைகாசியில் முகூர்த்தம் என்கிறார்கள். பெரிய ஆமை இன்னும் இருக்கிறது, சுருண்ட ஓரத்தோடு, காப்பில்லாமல். பானுமதி காலை வெயிலுக்கு அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் பின்கட்டுக்குப் போகிறாளா, அம்மா வீட்டுக்குப் போகிறாளா, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவனிடம் எதையாவது எல்லார் முன்னாலும் கேட்கிறாளா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நீங்கள் முடிவு செய்ய வசதியாக, கடையில் நான் பார்த்த சாமானைச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு மூடி போட்ட அந்த டப்பாவின் பக்கத்தில் சந்திரனின் பெயரும் வயதும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. சேலம் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கென்று அவன் கையில் கொடுத்து, பாத்ரூமுக்குப் போய்வரச் சொன்ன டப்பா அது. இன்றுவரை அதில் ஹார்ட்னரைத் தவிர வேறெதுவும் ஊற்றப்பட்டதில்லை.