மாண்டலே யானை

உஸ்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், காரியத்தில் இறங்கிவிடுவாள். அன்றைக்கும் சின்னக் கத்தரிக்கோலைப் பர்சில் போட்டுக்கொண்டுதான் உக்கடத்தில் பஸ் ஏறினாள்.

அவள் தாய்வழியினர் மாண்டலேயில் கலகா தைத்தவர்கள். கறுப்பு வெல்வெட்டில் ஜரிகையும் சமிக்கியும் வைத்து, உருவங்களுக்குள் துணி திணித்து மேடாக்கித் தைக்கும் பர்மாத் திரைச்சீலை அது. ரேஸ்கோர்ஸில் கலைக்கூடம் நடத்தும் சுந்தரராஜுலு கேட்டாரென்று, எட்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு வெள்ளை யானை தைத்துக் கொடுத்தாள். கூலியில் குறை வைக்கவில்லை மனுஷன். கண்காட்சியில் அவள் பேரைப் போடுவதாகவும் சொன்னார். போட்டாரா? 'மாண்டலே அரண்மனை, நூற்றைம்பது ஆண்டுப் பழமை' என்று அட்டை மாட்டிவிட்டார். போனில் கேட்டதற்கு, "உக்கடத்து உஸ்மான்னு போட்டா எவனுங்கம்மா வாங்குவான்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சியில் நல்ல கூட்டம். பெருந்துறை மில்காரர் பாலகோபால் யானையை விலை பேசி முடிக்கப்போகும் நேரம்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று உஸ்மா உள்ளே நுழைந்தாள்.

தான் போட்ட தையல் எங்கே முடிகிறதென்று அவளுக்குத் தெரியாதா? யானையின் அடிவயிற்றில் நாலே வெட்டு. தன் எட்டு மாத உழைப்பைத் தானே கிழிக்கிறோமே என்ற நினைப்பு வரத்தான் செய்தது. விடவில்லை. விரலை விட்டு உருவினாள். நீலமும் மஞ்சளுமாகப் பனியன் துண்டுகள் விழுந்தன. ஒன்றில் 'எக்ஸ்எல்' சீட்டுகூட அப்படியே இருந்தது.

"மாண்டலே ராசாவுக்கு அப்பவே திருப்பூர் பனியன் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

சுந்தரராஜுலு பக்கத்தில் வந்து, "அம்மணி, வெளிய போய்ப் பேசிக்கலாம், வாங்க" என்று குழைந்தார்.

"இங்கயே பேசலாமுங்க. அட்டையத் திருப்பி, தைச்சது யாருன்னு உங்க கையால எழுதுங்க."

அத்தனை பேர் பார்க்க அவர் பேனாவை எடுத்தார். 'உஸ்மா, உக்கடம்' என்று எழுதி மாட்டினார்.

பாலகோபால் யானையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "வேலை அருமைங்கம்மா. வவுத்தத் தைச்சுக் குடுங்க, உங்க பேரோடயே நான் எடுத்துக்கறேன்."

"இப்பத் தைக்கமாட்டனுங்க" என்றாள் உஸ்மா. "கண்காட்சி முடியற வரைக்கும் கிழிஞ்சே தொங்கட்டும். வாரவங்க ஒவ்வொருத்தருக்கும் என்ன ஆச்சுன்னு அவரே சொல்லட்டுமுங்க."