சம்பந்திக்குப் போட்ட ஷாஃப்ட்

கோல்ஃப் ஆடுகிறவன் தன்னைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் பொய். இது பட்டறைக்காரருடைய அனுபவம். பந்து அந்த மரம் வரைக்கும் போகும் என்பான். பாதி வழியில் படுத்துவிடும். முதுகுவலியா, எனக்கா என்பான். குனிந்து பந்தை எடுக்கும்போது முகம் கோணும். அதனால் மைதானத்து வாசலை ஒட்டிய அவருடைய பட்டறைக்கு மட்டை மாற்ற யார் வந்தாலும், அவர்கள் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. பின்பக்கம் ஒரு வலை கட்டி, பாய் விரித்து வைத்திருந்தார். அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அடியுங்கள் என்பார். முதலில் வருகிற அடியெல்லாம் பிறர் பார்க்க அடிக்கிற அடி. சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, இனிமேல் யாருக்கு என்ன காட்டி என்ன ஆகப்போகிறது என்று ஓய்ந்த பிறகு வருகிறதே, அதுதான் அந்த ஆளின் சொந்த அடி. அதைப் பார்த்துத்தான் ஷாஃப்ட்டில் கை வைப்பார்.

ஷாஃப்ட் என்பது மட்டையின் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் தண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் வேகமாக வீசுகிற கைக்கு விறைப்பான தண்டு வேண்டும், மெதுவாக வீசுகிற கைக்கு வளைந்துகொடுக்கிற தண்டு வேண்டும். மாற்றிப் போட்டால் போச்சு. மெதுவான கையில் விறைப்பானதைக் கொடுத்தால் கடப்பாரையைக் கொடுத்த மாதிரி. பந்து எழும்பாமல் வலது பக்கம் சரிந்து செத்து விழும், மணிக்கட்டு குடையும். விறைப்பானதற்கு ஸ்டிஃப் என்று பெயர். நடுத்தரம் ரெகுலர். எல்லாவற்றையும்விட இளக்கமானதற்கு சீனியர் என்று எவனோ பெயர் வைத்துத் தொலைத்தான். அவன் ஒருநாளாவது கடையில் உட்கார்ந்து அதை ஒரு கிழவனுக்கு விற்றுப் பார்க்கட்டும் என்பார் பட்டறைக்காரர்.

அவர் தன் மகளைக் கொடுத்த வீட்டுப் பெரியவர், அதாவது சம்பந்தி, தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கதவு மாதிரி இருப்பார். எரிகிற கட்டடத்திலிருந்து ஒரு பருத்த மனிதரைத் தோளில் போட்டு ஏணி வழியாக இறக்கிய கதை ஒன்று வைத்திருந்தார். கதையைச் சொல்லச் சொல்ல அந்தப் பருத்த மனிதர் வருஷத்துக்கு வருஷம் இன்னும் பருத்துக்கொண்டே போனார்.

ஆட்டம் முடிந்ததும் சம்பந்தி நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவார். டீ வரும். அன்றைக்கு எந்தக் குழியில் பந்து எப்படித் துரோகம் செய்தது என்று சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பட்டறைக்காரருக்கு வேறு சிநேகிதம் என்று ஒன்று இல்லை. அவர் வாய்க்கு யாரும் நிற்க மாட்டார்கள். வேலை சுத்தம் என்பதால் மட்டை வரும், மட்டையைக் கொடுத்துவிட்டு ஆள் போய்விடும். வேலை எதுவும் இல்லாமல் சும்மா வந்து உட்காருகிற மனிதர் சம்பந்தி ஒருவர்தான். பொண்ணைக் கொடுத்த வகையில் தனக்கு லாபம் இந்த மனுஷன்தான் என்று பட்டறைக்காரர் மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மருமகனைப் பற்றி அவர் அந்த அளவுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் சம்பந்தியின் மட்டைகள் தேய்ந்துபோயின. புதுத் தலைகள் வாங்கி வந்து மேஜையில் பரப்பி, வழக்கம்போல ஸ்டிஃப்பே போட்டுவிடுங்கள் என்றார்.

சம்பந்தி என்பதற்காகப் பட்டறைக்காரர் முறையை மாற்றவில்லை. வலைக்கு முன்னால் நிறுத்தினார். சம்பந்தி கதவை உடைப்பதுபோல அடித்தார். பட்டறைக்காரர் அவரை அடித்துக்கொண்டே இருக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் காது சிவந்தது, பேச்சு நின்றது. அப்புறம் வந்தது சொந்த அடி. மேலே போன மட்டை அங்கே ஒரு கணம் தயங்கிவிட்டு, மாடிப்படி இறங்குகிற பெரியவர் மாதிரி நிதானமாகக் கீழே வந்தது. தோள் பழைய தோள் இல்லை. ஸ்டிஃப்புக்கு வழியே இல்லை, ரெகுலர்கூடக் கஷ்டம். சீனியர்தான்.

சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன சம்பந்தி, வலை கிழிஞ்சிருக்கும்னு பாக்குறீங்களா?" என்று சிரித்தார். பட்டறைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளதைச் சொல்லி அவர் பட்டது கொஞ்சமில்லை. ஒரு பல் டாக்டரிடம், உங்களுக்கு ஸ்டிஃப் எதற்கு, குடை பிடிக்கவா என்று கேட்டார். அதோடு டாக்டர் மட்டுமில்லை, டாக்டரோடு ஆடுகிற கும்பலே வேறு கடைக்குப் போய்விட்டது. அது போனால் போகட்டும். சம்பந்தி போனால் சாயங்காலம் போய்விடும். நாளைக்கு மகளைப் பார்க்க அந்த வீட்டுப் படியேறினால் எந்த முகம் எதிரில் வருமோ. ஆடுகிறவன் எவனும் தன் வயதைத் தாங்க மாட்டான், இவர் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவரா என்று எண்ணினார்.

மறுநாள் சம்பந்தி வராத நேரம் பார்த்து வேலையை முடித்தார். சீனியர் தண்டுகளில் அந்தப் பெயர் அச்சடித்து ஒட்டியிருந்த பட்டையை, சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னால் இலேசாகச் சூடுகாட்டி உரித்தார். ஸ்டிஃப் தண்டுகளின் பட்டையை உரித்து அந்த இடத்தில் ஒட்டினார். முனையை உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து, தலையை மாட்டி, எல்லாவற்றையும் சுவரில் சாய்த்து வைத்தார். எந்தக் கொம்பன் பார்த்தாலும் ஸ்டிஃப் என்றுதான் சொல்வான்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. இது தெரிஞ்சா அவ யாரு பக்கம் நிப்பா?" என்றாள். தெரிந்தால்தானே என்றார் அவர். "நீங்க ஒட்டினதுதானே, உரியாதா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மட்டைகள் வேலை செய்தன. அதுதான் வினை. தண்டு கைக்குப் பொருந்தியதால் பந்து தூக்கிக்கொண்டு பறந்தது. பல மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்த சம்பந்தி ஜெயிக்க ஆரம்பித்தார். பட்டறைக்கு வரும்போது நடையே மாறியிருந்தது. மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களை வாரினார். கண்ணாடிக்கடை வைத்திருந்த ஒருவர், சம்பந்தியைவிட இருபது வயது இளையவர், அவரும் இதே பட்டறையில் ஸ்டிஃப் போட்டவர்தான். அவரிடம், தம்பி, நீயும் ஸ்டிஃப், நானும் ஸ்டிஃப், பந்து ஏன் என்னை மட்டும் மதிக்குது என்று தினம் கேட்பாராம். வந்து சொல்லிச் சிரிப்பார். பட்டறைக்காரரும் சிரித்தார்.

ஒரு சாயங்காலம் சம்பந்தி டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். குரல் வழக்கமான குரலாக இல்லை.

"உண்மையைச் சொல்லுங்க சம்பந்தி. இது ஸ்டிஃப்தானா? கையில வெண்ணெய் மாதிரி இருக்கு."

பட்டறைக்காரர் மேஜையோரத்து இடுக்கியான வைஸில் மாட்டியிருந்த வேறொரு மட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நல்ல ஸ்டிஃப்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

சம்பந்தி அவரையே பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்று மட்டையைப் பையில் போட்டார்.

நீங்க சொன்னா சரி. அந்தப் பட்டறையில் எவனும் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. கதவைத் திறந்துவைத்து உள்ளே வா என்று ஒருவர் கூப்பிட்டதும், தான் வெளியிலிருந்தே தாழ் போட்டதும் பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு அவருக்குத் தோன்றியதெல்லாம், அப்பாடா, தப்பித்தோம் என்பதுதான்.

உடைந்தது அற்ப விஷயத்தில். பயிற்சித் திடலில் சம்பந்தியும் கண்ணாடிக்கடைக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் மட்டைகளும் ஒரே பெஞ்சில் சாய்ந்திருந்தன. ஒரே கறுப்புப் பிடி, ஒரே பட்டை. சம்பந்தி கைமறதியாகக் கண்ணாடிக்கடைக்காரரின் ஏழாம் நம்பரை எடுத்து அடித்தார். பந்து புல்லை உரசிக்கொண்டு வலது பக்கம் போய்ப் படுத்தது. மறுபடி அடித்தார், மறுபடி அதே. மட்டை மாறிப்போச்சு என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்ல, மாறினால் என்ன, இரண்டும் ஸ்டிஃப்தானே என்றார் சம்பந்தி. கண்ணாடிக்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். தினம் வாங்கிய பேச்சு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. இரண்டு மட்டையையும் தரையில் ஊன்றி அழுத்திக் காட்டினார். ஒன்று அசையவில்லை. சம்பந்தியுடையது பெருமாளுக்குக் கும்பிடு போடுகிற மாதிரி வளைந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு பட்டறைவரைக்கும் கேட்டது. என்ன கூத்தோ என்று பட்டறைக்காரர் நினைத்துக்கொண்டார்.

சம்பந்தி தனியாகத்தான் வந்தார். இரண்டு மட்டையையும் மேஜையில் வைத்தார். உட்காரவில்லை.

"ரெண்டுலயும் ஒரே பட்டை. எது பொய்?"

"உங்களோடது" என்றார் பட்டறைக்காரர்.

"எதுக்கு?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

சம்பந்தி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் இவரும் கத்தியிருப்பார், அதோடு போயிருக்கும். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். நாலு நாள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன். அப்புறம் வந்து அதையே போடுங்கன்னு நின்னிருப்பேன். வேற யாருகிட்ட போகப்போறேன்? அதுவும் போகட்டும். நான் வாய்விட்டுக் கேட்டேனே."

மற்ற எல்லாவற்றுக்கும் பட்டறைக்காரர் ஏதாவது ஒரு நியாயம் தேடி எடுத்துவிடுவார். அந்த ஒரு கேள்விக்குத் தேடினாலும் கிடைக்காது.

எல்லாவற்றையும் பிரித்து அசல் ஸ்டிஃப் போடச் சொன்னார் சம்பந்தி. வேண்டாம், இப்போது இருப்பதுதான் உங்கள் கைக்கு ஆனது, ஸ்டிஃப் போட்டால் ஆட்டமும் போகும், கையும் போகும் என்று பட்டறைக்காரர் மன்றாடினார். ஆயுசில் அவர் ஒரு வாடிக்கையாளரிடம் மன்றாடியது அப்போதுதான். சொன்னது அத்தனையும் சத்தியம். சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கலாம். நீங்க சொல்றீங்களே, அதான் யோசனையா இருக்கு" என்றார். தான் பார்க்கப் பார்க்கத்தான் வேலை நடக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு தண்டையும் வைஸில் மாட்டும் முன்னால் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டீ வந்தது. ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. சண்டை என்று வெளியில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனால் வாங்க என்பார், உட்காருங்க என்பார், சம்பந்தி என்று மட்டும் சொல்ல மாட்டார். மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாமா தினம் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வருகிறார், ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார், "நீங்கதானேப்பா மட்டை போடுறீங்க, சரியானதாப் போட்டுக் குடுங்களேன்" என்றாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறதா என்று இவருக்குக் கேட்கத் துணிவில்லை. சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பார்க்கத்தான் செய்தார். ஒரே ஒரு ஏழாம் நம்பரில் சீனியர் தண்டைப் போட்டு, சீனியர் என்ற அதன் சொந்தப் பட்டையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்பக்கம் திருப்பி ஒட்டி, பட்டறையைப் பூட்டிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு நடந்தார். வேலை நேரத்தில் அவர் பட்டறையைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சம்பந்தி கோடியில் நின்று தனியாக அடித்துக்கொண்டிருந்தார். மட்டையை நீட்டியதும் வாங்கிக்கொண்டார். பட்டையைப் படித்தார். தரையில் ஊன்றி அழுத்தினார், வளைந்தது. ஒருவேளை அடித்துப் பார்ப்பாரோ என்று பட்டறைக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. சம்பந்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்ல மட்டையாத்தான் இருக்கும். எடுத்து அடிச்சா, பந்து போறது என் கையாலயா உங்க கையாலயான்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே இருப்பேன். இதுல அந்தக் கவலை இல்ல. மோசமாப் போனாலும் நான் அடிச்சது."

தன் மட்டையை எடுத்து அடித்தார். விறைத்த தண்டை எப்படியாவது வளைக்க வேண்டும் என்ற அவசரத்தில், மேலே இருந்த அந்தப் பழைய தயக்கம் தொலைந்துபோயிருந்தது. தோள் முந்திக்கொண்டது, மணிக்கட்டு வெட்டியது. பந்து தாழ்வாகப் போய் வலது பக்கம் விழுந்தது.

"எப்படி இருக்கு?" என்றார், திரும்பாமலே.

"நல்லா இல்ல."

"தெரியும்" என்று சொல்லி இன்னொரு பந்தைக் காலால் இழுத்து வைத்தார் சம்பந்தி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மட்டை படும்."

பட்டறைக்காரர் தள்ளி நின்றார்.