பெட்டிக்குள் கிடந்த எண்

என் கணவர் ரெனால்ட் கடைசியாக எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரு சொல்லும் ஒரு சிறு பெட்டியும் இருந்தன. "இனி □." இரத்மலானையில் மின்சாரச் சாமான்களுக்கான கையேடுகளைத் தயாரிப்பது அவருடைய வேலை. வேலை முடிந்து ரயிலேறிய பின் அனுப்பியிருக்கிறார். வெள்ளவத்தை வருவதற்குள் ரயில் வாசலிலிருந்து விழுந்துவிட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். அவருடைய அண்ணன் ஒஸ்வால்ட் கேட்கவில்லை. என் போனை வாங்கிப் பார்த்தார்.

"போனிட பிழை, செலீன். அழிச்சுப் போடு."

வெறும் பிழை என்றால் ஏன் அழிக்க வேண்டும்? அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அதன் பிறகு நான் போனை என் ஹவுஸ்கோட் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

ரெனால்டின் மாதப் பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வந்தபோது, ஒஸ்வால்டின் மனைவி மேபல் குசினியில் யாருடனோ போனில் கதைப்பது கேட்டது.

"இவர் அவன்ட ஒஃபிஸில விசாரிச்சவர். அது சுவிச் ஓஃப் குறியாம். ரெனால்ட் உந்தக் குறியளைப் போனில அடிக்கிறவனாம். பங்குச் சுவாமிக்குத் தெரிய வேண்டாம்."

அப்போதுதான் விளங்கியது. ரெனால்ட் தானாகவே குதித்தார் என்று இவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். என்னை விட்டுப் போக நினைத்து, அதை ஒரு குறியில் சொல்லிவிட்டா போனார்?

அவரோடு முன்பு வேலை செய்த ஜெனிஸ்டன் வெள்ளவத்தையில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் மேபல் சொன்னதைச் சொன்னேன்; அவருடைய பழைய கணினிக்குச் செய்தியை அனுப்பினோம். அங்கேயும் பெட்டிதான் வந்தது.

"உள்ளுக்க ஒவ்வொரு குறிக்கும் ஒரு நம்பர் இருக்கு, அக்கா. ஃபொண்டில அதுக்குப் படம் இல்லாட்டி பெட்டி வரும். எந்தக் குறி எண்டாலும் அதே பெட்டிதான். நம்பர் மட்டும் மாறாது."

திரையைத் தன் பக்கம் திருப்பி ஏதோ அழுத்தினார்.

"23FE. இது ஓஃப் இல்லை. ஸ்லீப். பிறை மாதிரி இருக்கும். ஓஃப் பண்ணுற பட்டன் குறி எண்டா 23FB."

குரல் மிகவும் மென்மையாக இருந்தது. செத்தவீட்டில் எல்லோரும் அந்தக் குரலில்தான் என்னோடு கதைத்தார்கள்.

"எழும்புங்கோ. நான் அடிக்கிறன்."

"நான் பொய் சொல்லுவனே?"

"சொல்லுவீங்கள். பாவம் பார்க்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லினம்."

திரையில் இருந்ததை அழித்துவிட்டு, என் போனிலிருந்து நானே மறுபடி அனுப்பினேன். பெட்டிக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, ஆல்ட்டை அமத்திக்கொண்டு எக்ஸைத் தட்டச் சொன்னார். பெட்டி மறைந்து 23FE வந்தது. கீழே 23FB என்று நானே அடித்து, அதே விசைகளைத் தட்டினேன். அது பெட்டியாகியது. மேலேயும் தட்டினேன். இரண்டு பெட்டிகள், ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபடி தட்டினேன். கடைசி எழுத்து மேலே E, கீழே B.

கடை வாசலில் நின்று ஒஸ்வால்டைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணை, அது ஓஃப் இல்லை. நித்திரைக் குறி."

"ஜெனிஸ்டன் சொன்னவனோ?"

"நானே அடிச்சுப் பார்த்தனான்."

"ரயில் வாசல்ல நிண்டுகொண்டு ஆர் நித்திரை கொள்ளுவினம்?"

"அண்டைக்கு ரெண்டு ஷிஃப்ட் செய்தவர். நெரிசல்ல சாஞ்சு நிண்டாலே கண் சொருகும். நீங்கள் காரில போறனீங்கள், உங்களுக்குத் தெரியாது."

டீவியைக் குறைக்கச் சொல்லி மேபலை அதட்டுவது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்:

"திருப்பிச் சொல்லு, செலீன். என்ன குறி?"